பார்த்தது ஒரு பக்கம், நினைத்தது ஒரு பக்கம்

திருத்துறைப்பூண்டியில் ஓர் உரக்கடையில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு என்பது பெயருக்குத்தான். முதலாளி இல்லாத நேரத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பதும் நான்தான். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு நெல் இலை இருக்கும். சட்டைப் பையில் மடித்து வைத்து, கசங்கி, வாடிப்போன இலை. அதை மேசைமேல் போட்டுவிட்டு, "தம்பி, பயிர் வெளுக்குது. ஒரு மூட்டை யூரியா போடு" என்பார்கள். நானும் போடுவேன். அந்த இலையை ஒரு தடவையாவது நிமிர்த்திப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எங்களுக்கு ஊரில் ஒன்பது மா நிலம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் மூன்று மா ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் எங்களுக்கு வந்து சேர்வதற்குள் மேலே இருக்கிறவர்கள் நாற்றுக்கு உரம் வைத்திருப்பார்கள். போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும்.

2019 சம்பாவில் அந்த ஒன்பது மாவிலும் சி.ஆர். 1009 என்ற நெல் ரகம் போட்டிருந்தோம். கார்த்திகை நடுவில் பயிரில் அங்கங்கே திட்டாக மஞ்சள் தெரிந்தது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல் மாமா, "பசி எடுக்குது மாப்ள, ஒரு கை யூரியா வீசு, பச்சை புடிச்சுக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. உரக்கடையில் வேலை பார்க்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? அன்று சாயங்காலமே கடையிலிருந்து மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு போனேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தத் திட்டுகள் வட்ட வட்டமாகப் பழுப்பேறிவிட்டன. யாரோ நெருப்பு வைத்துப் பொசுக்கியது மாதிரி இருந்தது. வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மாலையில் பேப்பர் படிக்க எங்கள் கடைப் பெஞ்சுக்கு வருவார். நாங்கள் சார் என்போம். அவரைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு போனேன். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினார். வட்டத்தின் நடுவே போகாமல், அதன் ஓரத்தில் இன்னும் பச்சை இருந்த பயிராகப் பார்த்துக் குனிந்தார். தூரைப் பிரித்து, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். தண்ணீரில் பொரிமாவைத் தூவியது மாதிரி பழுப்புப் பூச்சிகள் மிதந்தன. புகையான், தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற பூச்சி.

"இலை மஞ்சளா இருந்துச்சு சார், அதான் தழைச்சத்துக் குறைன்னு..." என்று இழுத்தேன்.

"மஞ்சளா இருந்துச்சுங்கறது நீங்க பாத்தது. தழைச்சத்துக் குறைங்கறது நீங்க நெனைச்சது. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றீங்க பாருங்க, அங்கதான் போச்சு."

யூரியா தருவது தழைச்சத்து. அது அதிகமானால் பயிர் கொழுத்து, மெத்தென்று ஆகி, புகையான் இன்னும் பெருகும். அதாவது பூச்சிக்கு நானே விருந்து வைத்திருக்கிறேன். இதற்கு முன்னால் இன்னொன்றும் செய்திருந்தேன். இலைச்சுருட்டுப் புழு தெரிகிறது என்று பைரித்திராய்டு வகை மருந்து ஒன்றை அடித்திருந்தேன். அந்த வகை மருந்து, புகையானைத் தின்கிற சிலந்தியையும் மற்ற நல்ல பூச்சிகளையும் கொன்றுவிட்டு, புகையானை முன்னைவிட அதிகமாகக் கிளப்பிவிடும் என்பதைச் சார் அன்று வரப்பில் உட்கார்ந்துதான் சொன்னார். எங்கள் கடை அலமாரியில் முன்வரிசையில் இருந்த மருந்து அது.

அந்த வருடம் மூன்று மாவில் வைக்கோல் மட்டும்தான் மிச்சம். அது போகட்டும். பயிர் மஞ்சளாவதற்கு எத்தனை காரணம் இருக்கிறது என்பதைச் சார் விரல் விட்டு எண்ணினாரே, அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் வெளுப்பது அடியில் இருக்கிற பழைய இலை. கந்தகம் குறைந்தால் மேலே இருக்கிற இளம் இலை. துத்தநாகம் என்றால் இலையில் துரு ஏறின மாதிரி புள்ளி விழும். தண்ணீர் வடியாமல் நின்றால் வேர் கெட்டு மஞ்சளாகும். புகையான் என்றால் வட்டமாக வரும், அடியில் ஆள் இருக்கும். மஞ்சள் என்ற ஒரே வார்த்தைக்குள் ஐந்து வேறு வேறு கதைகள். நான் வரப்பில் நின்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். தேர்ந்தெடுத்தேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு குயர் நோட்டு வாங்கி, பக்கத்தின் நடுவே கோடு போட்டேன். இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'நினைத்தது'. இதற்கு மேல் அதில் ஒரு தந்திரமும் இல்லை. வயலுக்குப் போய் வந்தால் எழுதுவேன். கடையில் ஒரு சிக்கல் வந்தால் எழுதுவேன். வீட்டுச் சண்டையைக்கூட இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், அதை இங்கே விவரிக்கப் போவதில்லை.

முதல் மாதம் எழுதியதைத் திருப்பிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. வலது பக்கம் நிரம்பி வழிந்தது. இடது பக்கத்தில் நாலு வரிதான். அந்த நாலு வரியிலும் பாதி திருட்டுத்தனமாக இடம் மாறி வந்தவை. 'சரியான மழை' என்று இடது பக்கம் எழுதியிருக்கிறேன். சரியான என்றால் எவ்வளவு? நான் பார்த்தது, திண்ணையில் சாரல் அடித்தது. அவ்வளவுதான். அதற்கப்புறம் பக்கம் நேராக இருக்கிற ஒரு டப்பாவை மொட்டைமாடியில் மறைப்பில்லாத இடத்தில் வைத்து, காலையில் பள்ளிக்கூட ஸ்கேலை உள்ளே விட்டு அளந்தேன். வெளுத்து வாங்கியதாக ஊரே பேசிய ஒரு ராத்திரி மழை 22 மில்லிமீட்டர். சத்தமே இல்லாமல் விடிய விடியத் தூறியது 51.

'எல்லாரும் சொல்கிறார்கள்' என்பதும் இப்படிப்பட்ட ஒரு வார்த்தை. பெயர்களை எழுது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். எழுதினால் எல்லாரும் என்பது மூன்று பேராக இருக்கும். அந்த மூன்று பேரும் ஒரே டீக்கடையில் ஒரே ஆளிடம் கேட்டிருப்பார்கள். அப்படியானால் சாட்சி ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு குழுவில் வந்த செய்தியும் பெரும்பாலும் ஒரே செய்திதான். பன்னிரண்டு தடவை வந்ததால் அது பன்னிரண்டு மடங்கு நிஜமாகிவிடாது. இதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அதனால் நான் நீட்டவில்லை.

கடையில் இந்தப் பழக்கம் எனக்குச் சில வாடிக்கையாளர்களை இழக்க வைத்தது. "யூரியா போடு" என்று வருகிறவரிடம் "என்ன பாத்தீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். வரப்போரமா, நடு வயலா? அடி இலையா, மேல் இலையா? திட்டாவா, பரவலாவா? எத்தனை நாளா? கடைசியா என்ன மருந்து அடிச்சீங்க? சிலர் நின்று யோசித்துப் பதில் சொல்வார்கள். பாதியில் அவர்களே, "இருங்க தம்பி, போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பிவிடுவார்கள். சிலருக்குக் கோபம் வரும். "காசு குடுக்கிறவன் நான், பரீச்சை வைக்கிறவன் நீயா?" என்று ஒருவர் கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "மருந்து விக்கிற கடையில மருந்து வேணாம்னு சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்?" என்றார். அவர் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. கேள்வி கேட்பது நல்லது என்று மேடையில் சொல்வது சுலபம். வியாபாரம் நடக்கிற நேரத்தில், வரிசையில் ஆறு பேர் நிற்கும்போது கேட்பது அப்படியல்ல. நான் கண்டுபிடித்த வழி, எல்லாரிடமும் கேட்பதில்லை. வாங்குகிற சரக்கு விலை கூடுதலா, தப்பாகப் போனால் பயிருக்குக் கெடுதல் வருமா, அங்கே மட்டும் கேட்கிறேன். நுண்ணூட்டப் பொட்டலம் வாங்குகிறவரைப் பேசாமல் அனுப்பிவிடுவேன்.

பூச்சியை எண்ணுவதிலும் ஒன்று கற்றுக்கொண்டேன். நெல்லில் ஒரு கிளைக்கு ஒரு புகையான் என்ற கணக்கைத் தாண்டினால் மருந்து தேவை என்பார்கள். ஆனால் தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், கிளைக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். முதலில் கேட்டபோது இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது எங்கே பார்த்தாலும் இந்தச் சிலந்திதான் நினைவுக்கு வருகிறது. பிரச்சனையை மட்டும் எண்ணினால் எப்போதும் அவசரமாகத்தான் தெரியும். அதைத் தாங்கிப்பிடிக்க ஏற்கெனவே அங்கே என்ன இருக்கிறது என்பதையும் எண்ண வேண்டும். என் மகன் கணக்கில் 41 வாங்கி வந்த அன்று, வீட்டில் புயல் அடிப்பதற்கு முன்னால், போன தேர்வில் 28 என்பதை யாராவது எண்ணினோமா? இல்லை.

அடுத்து நான் விழுந்த பள்ளம் நேர் எதிர்ப் பக்கத்தில் இருந்தது. எதையும் நம்பக்கூடாது என்று நோட்டு எனக்குக் கற்றுக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். ஒரு மாசி மாதம் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். 17 சதவீதம் வரை ஈரம் இருந்தால் எடுப்பார்கள். எங்கள் நெல்லுக்குக் கருவி 19 காட்டியது. முந்தின நாள் பக்கத்து வயல் மாமாவின் நெல்லுக்கு 16. அதே வெயில், அதே ரோடு, அதே இரண்டு நாள் காயவைத்தது. "கருவியில ஏதோ பண்றீங்க" என்று சத்தம் போட்டேன். நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர்களும் என் பக்கம்தான். இப்படிப்பட்ட இடங்களைப் பற்றி ஊரில் ஆயிரம் கதைகள் உண்டு, அதனால் என் கதையும் சுலபமாக அதில் போய் ஒட்டிக்கொண்டது.

இரவு நோட்டை எடுத்தேன். பார்த்தது: கருவி 19 காட்டியது. நினைத்தது: ஏமாற்றுகிறார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. மஞ்சள் இலைக்கும் யூரியாவுக்கும் நடுவே இருந்த அதே ஓட்டை. காலையில் குவியலின் மேலிருந்து ஒரு கைப்பிடி, அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டு, தெரிந்த அரிசி ஆலைக்குக் கொண்டுபோனேன். மேல் நெல் 15.8. அடி நெல் 19.4. மாமா வீட்டில் மூன்று பெண்கள் மணிக்கொரு தடவை துழாவினார்கள். நான் கடைக்குப் போகிற அவசரத்தில் காலால் இரண்டு கோடு இழுத்துவிட்டுப் போனேன். ராத்திரி பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூடியதில் அடியில் வியர்த்திருக்கிறது. கருவியில் ஒரு கோளாறும் இல்லை. அந்த எழுத்தரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காய வச்சுக் கொண்டாங்க" என்றார்.

சந்தேகப்படுகிறவன் புத்திசாலி என்று நம் பக்கத்தில் ஒரு எண்ணம் இருக்கிறது. நானும் அப்படித்தான் மிதப்பாகத் திரிந்தேன். மாமா சொன்னதை நம்பி யூரியா வீசியபோதும் நான் குனியவில்லை, எழுத்தர்மேல் பழி போட்டபோதும் குனியவில்லை. பிறகு ஒரு சிறு பழக்கம் வைத்துக்கொண்டேன். யார்மேலாவது சந்தேகம் வந்தால், அவர் சொல்வது உண்மையாக இருக்க வேண்டுமென்றால் வேறு என்ன நடந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுவேன். கருவி சரி என்றால், நெல்லில் எங்கேயோ ஈரம் இருக்க வேண்டும். எங்கே? அந்த ஒரு வரி எழுதியதால்தான் அடி நெல்லை எடுக்கத் தோன்றியது.

இவ்வளவு படித்தவன் 2023 குறுவையில் தப்பித்திருக்க வேண்டும். தப்பிக்கவில்லை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்தத் தடவை இடது பக்கத்தில் நான் எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். 2012-இலிருந்து 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020-இலும் 2021-இலும் திறந்தார்கள். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2023-இல் மறுபடி சரியாக ஜூன் 12. நீர்மட்டம் 100 அடிக்கு மேல் இருந்தது. டிவியில் மதகு உயர்வதையும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்வதையும் பார்த்தோம். நோட்டில் இடது பக்கம் எழுதினேன்: அணை திறந்தாச்சு, 100 அடிக்கு மேல் இருக்கிறது. ஒன்பது மாவிலும் குறுவை போட்டோம். கோ 51, நூற்றைந்து, நூற்றுப்பத்து நாள் பயிர்.

அப்பா மட்டும், "பாதி போடுடா போதும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "தோணுது" என்றார். அப்பாவுக்குத் தோணுவதெல்லாம் வலது பக்கம் என்று தள்ளிவிட்டேன்.

ஆவணியில் வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வந்தது. அப்புறம் முறையும் தள்ளிப்போனது. கர்நாடகத்தில் அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. கதிர் வருகிற நேரத்தில் எங்கள் வயல் பாளம் பாளமாக வெடித்தது. கால்வாசி நெல் மணி பிடித்தது, மீதி பதர். அக்டோபர் 10-ஆம் தேதி அணையையே மூடிவிட்டார்கள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜூன் மாதத்திலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. வகுத்தால், விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்துவிட்டால் ஒரு டி.எம்.சி. காலி. மேட்டூர் 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. 100 அடியில் ஏறக்குறைய 65. அப்படியானால் அன்றைக்கு அணையில் இருந்தது, ஒரு நாளைக்கு ஒரு டி.எம்.சி. வீதம் திறந்தால் ஒன்பது, பத்து வாரத்துக்குத்தான். அதிலும் அடிமட்டம் வரை வடிக்க முடியாது, குடிநீருக்கு நிறுத்தி வைக்க வேண்டும். கல்லணைக்கு வரவே மூன்று நாளுக்கு மேல் ஆகும், எங்கள் வாய்க்காலுக்கு வர அதற்கு மேல். நூற்றுப்பத்து நாள் பயிருக்குக் கையில் இருந்தது அறுபது, எழுபது நாள் தண்ணீர். மீதி நாற்பது, ஐம்பது நாள் தண்ணீர் எங்கிருந்து வரும்? குடகில் பெய்யப்போகிற மழையிலிருந்தும், கர்நாடகம் திறந்துவிடுவதிலிருந்தும். இரண்டையும் அன்றைக்கு யாரும் பார்த்திருக்க முடியாது.

'அணை திறந்தாச்சு' என்பது உண்மை. ஆனால் அது என் கேள்விக்கான பதில் இல்லை. என் கேள்வி, புரட்டாசி முடிய என் வயலுக்குத் தண்ணீர் இருக்குமா என்பது. நான் கேட்டதோ திறந்தார்களா இல்லையா என்று. உண்மையான தகவலால் ஏமாந்துபோவது பொய்யால் ஏமாறுவதைவிட மோசம், ஏனென்றால் சரிபார்க்கவே தோன்றாது. இப்போது நோட்டில் எதை எழுதும்போதும் பக்கத்தின் உச்சியில் முதலில் கேள்வியை எழுதிவிடுகிறேன்.

இந்த அணைக் கணக்கில் இன்னொரு வழுக்கலும் இருக்கிறது. செய்தியில் எப்போதும் அடியைத்தான் சொல்வார்கள். 60 அடி என்றால் பாதி அணை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அணை கிணறு மாதிரி நேராக இறங்குவதில்லை. மேலே அகலம், கீழே குறுகல். 60 அடியில் இருப்பது சுமார் 25 டி.எம்.சி.தான், கால்வாசியைக் கொஞ்சம் தாண்டும். அதே 10 அடி குறைந்தாலும், மேலே குறைவது வேறு, கீழே குறைவது வேறு. எனவே அடியைக் கேட்டால் விட்டுவிட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிற இருப்பையும், வரத்தையும், திறப்பையும் பாருங்கள். வரத்தைவிடத் திறப்பு எவ்வளவு கூடுதல் என்று கழித்து, இருப்பை அதால் வகுத்தால், எத்தனை நாள் தாங்கும் என்பது டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். எந்த ஆபீசிலும் கேட்க வேண்டியதில்லை.

அப்பாவிடம் பிறகு கேட்டேன், எதனால் தோன்றியது என்று. வெகு நேரம் யோசித்தார். "மூணு வருஷம் வரிசையா நல்லா வந்துச்சே" என்றார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது. அறுபது வருடம் பார்த்தது அவருக்குள் எங்கேயோ சேர்ந்து கிடக்கிறது, பிரித்துச் சொல்ல வராது. அதை நான் வலது பக்கம் தள்ளியது தப்பு. அதே சமயம், அவர் சொன்ன காரணமும் சரியான காரணம் இல்லை. மூன்று வருடம் நன்றாக வந்தால் நாலாவது வருடம் கெட வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. சொன்னது சரி, சொன்ன காரணம் தப்பு. இந்த இடத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கஜா புயல். அது நோட்டு வாங்குவதற்கு முந்தின வருடம். 2018 நவம்பர் 15 ராத்திரி தொடங்கி 16 விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. அக்காவைப் பேராவூரணிப் பக்கம் கொடுத்திருக்கிறோம். முந்தின நாளே போன் செய்து எச்சரித்தேன். அத்தான் சிரித்தார். "நாடா புயலுக்கும் இப்படித்தான் சொன்னாங்க." 2016-இல் நாடா என்ற புயல் வலுவிழந்து, காரைக்கால் பக்கம் சத்தமில்லாமல் கரையேறிவிட்டது உண்மைதான். மாடுகளைக் கொட்டகையிலேயே கட்டியிருந்தார். இரண்டு மாடு போய்விட்டது. தென்னை அறுபது சொச்சம் சாய்ந்தது.

புயல் வருமா வராதா என்று அத்தான் கணித்ததில் நான் குறை சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் மாட்டை அவிழ்த்துப் பக்கத்துக் காங்கிரீட் வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டியிருந்து, புயல் வராமல் போயிருந்தால் என்ன நட்டம்? ஒரு ராத்திரித் தூக்கம், நாலு பேர் கேலி. கட்டாமல் விட்டு, வந்துவிட்டால்? எது நடக்கும் என்று தெரியாதபோது, எந்தத் தப்பைத் தாங்க முடியும் என்று கேட்கலாம். தென்னையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மாட்டை அவிழ்க்க முடியும். 2024-இல் ஜூன் 12-க்கு அணை திறக்காதபோது நான் குறுவையே போடாமல் விட்டதும் இந்தக் கணக்கில்தான். ஜூலை 28-இல் திறந்தார்கள். போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கவில்லை. சம்பாவுக்கு உழுதுகொண்டிருந்தேன்.

வீட்டுக் கதை ஒன்று. எங்கள் ஊரில் நெல் திருவிழா பெரிதாக நடக்கும், பாரம்பரிய விதை வாங்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். அங்கே யாரோ சொல்லக் கேட்டு, அப்பா கறுப்புக்கவுனி அரிசிக்கு மாறினார். ஒன்றரை மாதத்தில் சர்க்கரை 210-இலிருந்து 150-க்கு வந்துவிட்டது. அப்பா தெருவெல்லாம் பிரசாரம் செய்தார். அதோடு நிற்காமல், மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது.

நான் நோட்டோடு உட்கார்ந்தேன். அரிசி மாறியது சரி. வேறு என்ன மாறியது? அந்த அரிசி விலை அதிகம் என்பதால் அம்மா முன்பு போல மூன்று கரண்டி வைப்பதில்லை, ஒன்றரைதான். அரிசி மாறிய பெருமையைப் பேசுவதற்காக அப்பா தினமும் சாயங்காலம் கீழத்தெரு வரை நடக்கிறார். கடைசியில் அம்மாதான் உடைத்தார்: 210 பார்த்தது சாப்பிட்ட பிறகு, 150 பார்த்தது வெறும் வயிற்றில். அளவு, நடை, நேரம், அரிசி, நாலும் ஒன்றாக மாறியிருக்கிறது, பெயர் மட்டும் அரிசிக்கு. மருத்துவரிடம் அழைத்துப் போனோம். முழு மாத்திரை போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார், அரிசியையும் நடையையும் விட வேண்டாம் என்றார். அப்பா இன்னும் அரிசி என்றுதான் சொல்கிறார். ஆனால் சர்க்கரையை ஒரே நேரத்தில் பார்க்கிறார். எனக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இந்தச் சம்பாவில்தான் எனக்குப் புரிந்தது. இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. பச்சையில் பல நிறப் பட்டைகள். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வெயில் விழாமல் நம் உடம்பால் மறைத்துக்கொண்டு, பத்து இலையை அதில் வைத்துப் பார்த்து, பாதிக்கு மேல் குறிப்பிட்ட பட்டையைவிட வெளுப்பாக இருந்தால் மட்டும் யூரியா போட வேண்டும். யூரியா மிச்சமாகும் என்று நம்புகிறேன். கவனியுங்கள், நம்புகிறேன் என்றுதான் நோட்டில் வலது பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஒன்பது மாவில் ஆறு மா ஒரே மாதிரியான மண். அதில் வாய்க்கால் பக்கம் மூன்று, உள்ளே மூன்று. வாய்க்கால் பக்கம் எப்போதும் ஒரு மூட்டை கூட வரும், ஊருக்கே தெரியும். ஒரு பாதிக்கு அட்டைப்படி, இன்னொரு பாதிக்கு வழக்கம்போல மூன்று தவணை. விதை ஒன்று, தேதி ஒன்று, களை எடுப்பதும் ஒரே ஆட்கள். எந்தப் பாதிக்கு எது என்று நானே முடிவு செய்தால், எனக்குப் பிடித்ததை நல்ல பக்கத்தில் வைத்துவிடுவேன் என்று தெரியும். அதனால் வரப்பில் நின்று அப்பாவிடம் ஒரு ரூபாயைக் கொடுத்துச் சுண்டச் சொன்னேன். பூ விழுந்தால் வாய்க்கால் பக்கம் அட்டைக்கு.

தலை விழுந்தது.

அட்டை உள்பக்கத்துக்குப் போய்விட்டது. மோசமான பக்கம். "காத்துல திரும்பிருச்சுப்பா, இன்னொரு தடவை சுண்டுங்க" என்றேன்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். ரூபாயை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.